காதில் விழாத பாட்டு

“ஏனுங்ணா, காதுல விழாத பாட்டாப் பார்த்து ஒரு நூறு எடுத்துக் குடுங்க” என்றார் சலூன்காரத் தம்பி.

பாட்டென்றால் காதில் விழத்தானே வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. ஆனால் சவரக்கத்தி அப்போதுதான் என் தொண்டைக்குழியைக் கடந்துகொண்டிருந்தது. கத்தி கழுத்தில் இருக்கும்போது மனுசனுக்குத் தெரிந்த மொழி ஒன்றே ஒன்று. “ம்” என்றேன். அந்த ஒற்றை மெய்யெழுத்துக்காக ஒன்றரை மாசம் அலைந்தேன்.

கடை அவிநாசிபாளையத்தில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம். இந்த ஊரை அவிநாசி என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அவிநாசி, சுந்தரர் பதிகம் பாடி முதலை விழுங்கின பிள்ளையை மீட்டுக் கொடுத்த ஊர். எங்கள் ஊர் அங்கிருந்து திருப்பூரைத் தாண்டித் தெற்கே 30 கிலோமீட்டருக்கு மேல். 381-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு அந்த முனை அவிநாசி, இந்த முனை அவிநாசிபாளையம். சர்க்காரே ஒரு ரோட்டைப் போட்டு ‘இது வேறு, அது வேறு’ என்று காட்டியும் குழப்பம் தீரவில்லை. தம்பி ஆன்லைனில் வாங்கிய சுவர் ஸ்பீக்கர் இரண்டும் நேராக அவிநாசிக்குப் போய்விட்டன. முதலை வாயில் போனதே திரும்பி வந்த ஊராயிற்றே, ஒரு வாரத்தில் ஸ்பீக்கரும் வந்து சேர்ந்தது.

தம்பியின் அப்பா காலத்தில் அந்தக் கடையில் இரண்டு மர நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நான்கு துண்டாகப் பிரிந்து நான்கு பேர் கையில் இருக்கும் ஒரே தினத்தந்தி, மேலே பலகையில் ஒரு டப்பா ரேடியோ. சுவரில் ‘அரசியல் பேசாதீர்கள்’ என்று ஒரு அட்டை. அந்த அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் எம்.ஜி.ஆர். காலம் தொட்டு எல்லாத் தேர்தலுக்கும் எங்களூர் ரிசல்ட்டை முன்கூட்டியே அறிவித்தார்கள். பெரும்பாலும் தப்பாக.

இப்போது கடைக்கு ஏசி. கறுப்புச் சுவரில் தங்கக் கோடு. மிதித்தால் ஏறி இறங்கும் மூன்று நாற்காலி. வாசலில் கண்ணாடிக் கதவு, கதவுக்கு மேலே ‘யுனிசெக்ஸ்’ என்று போர்டு. திறந்த நாளிலிருந்து இதுவரை உள்ளே வந்த பெண்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்திலிருக்கும் லேடீஸ் டெய்லர் கடையை விசாரிக்க வந்தார். இன்னொருவர் தம்பியின் அம்மா, டிபன் கேரியரோடு.

இந்த ஏசிக்கும் தங்கக் கோட்டுக்கும் ஏற்ற பாட்டு வேண்டும் என்பது தம்பியின் கவலை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போய் நோட்டம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். “பாட்டு ஓடுதுங்ணா. ஆனா என்ன பாட்டு, யாரு பாட்டு, ஒண்ணுமே தெரியலீங். வெளிய வந்தாப் பில்லு எண்ணூத்தி அம்பதுங். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பாட்டுத் தெரிஞ்சா நூத்தி அம்பது, பாட்டுத் தெரியாட்டி எண்ணூத்தி அம்பது.” பொருளாதாரத்தை இத்தனை சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

என்னை ஏன் பிடித்தார் என்று சொல்ல வேண்டும். நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் 22 வருசம் செக்கிங், பேக்கிங் பார்த்தவன். பாட்டு இல்லாத பனியன் கம்பெனியை நான் பார்த்ததில்லை. ஓவர்லாக் ஒரு பக்கம், பேட்லாக் ஒரு பக்கம் ஓட, அந்த இரைச்சலுக்கும் மேலே ஸ்பீக்கர் அலறும். எந்தப் பாட்டுக்குப் பிசிறு வெட்டுகிற பொண்ணுங்க கை வேகமாகப் போகும், எந்தப் பாட்டுக்குக் கைமடி ஆள் கனவு காண்பான் என்று எனக்கு அத்துபடி. அதற்கும் முன்னால், ரெக்கார்டிங் சென்டர் காலத்தில், தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து 60, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்குகிற கூட்டத்தில் என் வரிசைக்கு ஒரு மரியாதை இருந்தது. என் தாளைக் காப்பியடித்து ஒருவன் காதலித்துக் கல்யாணமே செய்திருக்கிறான். அதற்கு நான் பொறுப்பில்லை என்று அவன் சம்சாரத்திடம் பலமுறை சொல்லிவிட்டேன்.

காதில் விழாத பாட்டு என்பது தம்பியின் புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. எரிக் சட்டி என்கிற பிரெஞ்சுக்காரர் 1917-லேயே ‘மேசை நாற்காலி இசை’ என்று ஒன்றை எழுதினார். அறையில் நாற்காலி கிடப்பது மாதிரி இசையும் சும்மா கிடக்க வேண்டும், யாரும் கவனிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 1920 மார்ச்சில் பாரிஸில் ஒரு நாடக இடைவேளையில் அதை வாசிக்க வைத்தார். வாசித்ததும் பேசிக்கொண்டிருந்த ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு மரியாதையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மனுசன் பதறிப்போய், ‘பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள்’ என்று கூட்டத்துக்குள் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார். அமெரிக்காவில் இதையே தொழிலாக்கினார்கள். கடைக்கும் ஆபீசுக்கும் கம்பி வழியாகப் பாட்டு விற்ற கம்பெனிக்கு 1934-ல் ‘மியூசாக்’ என்று பேர் வைத்தார்கள். மியூசிக்கில் பாதி, கோடக் கேமராவில் பாதி. ஆக, உலகம் நூறு வருசமாகச் செய்கிற காரியம்தான். அவிநாசிபாளையத்துக்கு இப்போதுதான் டெலிவரி ஆகியிருக்கிறது.

முதலில் வாத்திய இசையில் தொடங்கினேன். குரல் இருந்தால்தானே வரி, வரி இருந்தால்தானே கவனிப்பு? சிதார், ஷெனாய், வீணை என்று பொறுக்கியெடுத்து, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓடவிட்டேன். கடை சட்டென்று கண்ணியமாகிவிட்டது. எனக்கே புல்லரித்தது. கொடுவாய்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் கதவைத் திறந்தார், செருப்பை வெளியே கழற்றினார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

“யாருங் தவறிட்டாங்க?”

தப்பு அவர் பேரில் இல்லை. 1984 அக்டோபர் 31, 1987 டிசம்பர் 24 இரண்டையும் ரேடியோவோடு கழித்த தலைமுறை அது. நிகழ்ச்சியெல்லாம் நின்று, பேச்சில்லாமல் வெறும் வாத்தியம் மட்டும் அழுதுகொண்டிருந்தால் ஒரு தலைவர் போய்விட்டார் என்று அர்த்தம். வாத்திய இசைக்கு நம் ஊரில் கருப்பு பார்டர் போட்டு வெகு நாளாயிற்று. பெரியவரிடம் “யாருமில்லீங், சும்மா ஸ்டைலுக்கு” என்று தம்பி விளக்கினார். அவர் நம்பவில்லை. சவரம் முடிகிற வரை செல்போனில் யார் யாரையோ கூப்பிட்டு, “அங்க ஒண்ணும் தகவல் இல்லீங்களா?” என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். பத்து மணிக்குள் பொங்கலூர் வரைக்கும் ஒரு வதந்தி போய்விட்டது.

சரி, துக்கம் இல்லாத வாத்தியம் என்று இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ எடுத்தேன். 1986-ல் வந்த தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கியது, வி.எஸ். நரசிம்மன் வயலின். என் வயசுக்காரன் எவனும் இதற்கு மேல் நாகரிகமான ஒன்றைக் காட்டிவிட முடியாது என்பது என் முடிவு. மெத்தை மாதிரி இருந்தது. நாற்காலியில் இருந்த ரைஸ்மில் ஆள் ஐந்து நிமிசம் பொறுத்தார். பத்து நிமிசம் பொறுத்தார். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “மியூசிக் நல்லாத்தானுங் இருக்குது. பாட்டு எப்பங் ஆரம்பிக்கும்?” என்றார்.

அதாவது இதுவரை ஓடியதெல்லாம் அவர் கணக்கில் முன்னிசை. எஸ்.பி.பி. எங்கேயோ தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார், வந்துவிடுவார் என்று காத்திருந்திருக்கிறார். பாட்டு வரவே வராது என்று தெரிந்ததும் ஒரு முகம் விழுந்தது பாருங்கள், பந்தியில் உட்கார்ந்து இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அப்புறம் சோறு இல்லை என்று சொன்ன மாதிரி. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ராத்திரி யோசித்தபோது, பாவம் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறதென்றும் பட்டது. இரண்டையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மூன்றாவது, மெதுவான சாக்ஸபோன். இதற்கு ஆராய்ச்சி ஆதரவே இருந்தது. ரொனால்ட் மில்லிமன் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1982-ல் எழுதியிருக்கிறார்: சூப்பர் மார்க்கெட்டில் வேகமான இசைக்குப் பதில் மெதுவான இசை போட்டால் ஜனங்கள் மெதுவாக நடக்கிறார்கள், விற்பனை 38 சதவீதம் ஏறுகிறது. தம்பியிடம் இந்த 38-ஐச் சொன்னதும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எனக்கு டீ சொன்னார்.

மில்லிமன் ஒன்றை மறந்துவிட்டார். சூப்பர் மார்க்கெட்டில் நடந்தபடி கேட்கிறார்கள். சலூனில் சாய்ந்தபடி கேட்கிறார்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட ஆட்கள்? ராத்திரி முழுக்கப் பிராய்லர் கோழி லோடு அடித்த டிரைவர், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த டெய்லர், விடிய விடிய விசைத்தறி ஓட்டினவர். ஏசிக் காற்றும் சாக்ஸபோனும் சேர்ந்து அடித்ததில் மூன்று நாற்காலியிலும் மூன்று தலை தொங்கிவிட்டது. தொங்குகிற தலையில் கிருதா நேராக வராது. ஒருவரை எழுப்பிக் காசு வாங்கவே கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்தவர் கண்ணாடியைப் பார்த்து, “நீங்க யாருங்?” என்று கேட்டதாகத் தம்பி சொன்னார். அதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம்.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை தலை. இது திருப்பூர் வட்டாரத்தின் கேலண்டர். செவ்வாய் லீவு, வெள்ளிக்கிழமை பாதிப் பேர் தலையில் கத்தி படவிட மாட்டார்கள், அமாவாசை கிருத்திகை தனி. வாரம் முழுக்க வரவேண்டிய தலைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வரும். அன்றைக்கு மெதுவான பாட்டு போட்டால் கதவுக்கு வெளியே வரிசை பல்லடம் ரோட்டில் நிற்கும். இதே மில்லிமன் 1986-ல் ஹோட்டலில் பார்த்த கணக்கு வேறு: மெதுவான இசைக்கு ஒரு மேசை 56 நிமிசம் உட்கார்ந்தது, வேகமான இசைக்கு 45-லேயே எழுந்தது. அப்படியானால் ஞாயிறு குத்துப்பாட்டுதானே என்று போட்டோம். அப்போதுதான் ஒரு தொழில் ரகசியம் தெரிந்தது. பாட்டின் வேகம் வாடிக்கையாளர் காலுக்குப் போவதற்கு முன்னால் மாஸ்டர் கைக்குப் போய்விடுகிறது. பறை ஏற ஏற கத்தரி ஏறியது. சரணம் முடிவதற்குள் ஒரு பையன் தலையில் எனக்குத் தெரிந்து மூன்று நாகரிகங்கள் தோன்றி அழிந்தன. கடைசியில் மிச்சமிருந்ததற்கு மிலிட்டரி கட்டிங் என்று பேர் வைத்து அனுப்பினோம்.

“ராத்திரி எட்டு மணிக்குக் கம்பெனில இதே பாட்டு, இங்கயும் இதே பாட்டுங்களா?” என்று வரிசையில் ஒரு பேட்லாக் டெய்லர் அலுத்துக்கொண்டார். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆறு நாள் மிசினோடு பாட்டு, ஏழாம் நாள் கத்தரியோடு பாட்டு. அந்த மனுசன் காதுக்கு எப்போது லீவு?

சினிமாப் பாட்டையே எடுத்துக்கொண்டு, கவனமாகப் பிரித்துப் போட்டால் என்ன என்று இறங்கினேன். அது பாட்டு வரிசை எழுதுவது அல்ல, தொகுதிப் பங்கீடு. எம்.ஜி.ஆர். தத்துவப் பாட்டு ஒன்று வந்ததும் வேட்டி கட்டின ஒருவர், “தம்பி, அந்தப் பக்கமா?” என்று சிரித்தார். சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை. ஈடுகட்ட ஒரு சிவாஜி போட்டோம். விஜய் பாட்டுக்கு இரண்டு பையன்கள் விசில் அடித்தார்கள், மூன்றாவது பையன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டான். அவனுக்காக ஒரு அஜித். பாட்டு எழுதினவர் யார், பாடினவர் எந்த ஊர், படம் தயாரித்தவர் எந்தக் கட்சிக்காரருக்கு மச்சான் என்று அவிநாசிபாளையத்துக்குத் தெரியாத ஒன்றை நான் கண்டதில்லை. ‘அரசியல் பேசாதீர்கள்’ அட்டையை ரிப்பேர் வேலையில் கழற்றி எறிந்திருந்தார்கள். தம்பி அதைத் தேடியெடுத்துத் துடைத்து, ஸ்பீக்கருக்குக் கீழே மாட்டினார்.

“எஃப்.எம். வெச்சுட்டாப் பழி நம்ம மேல வராதில்ல?” என்று கேட்டேன்.

“அதுல எச்சாப் பேசறாங்கண்ணா. கடைல பேசறது என்ற வேலைங்.”

மறுக்க முடியவில்லை.

யூடியூப் என்றார் ஒரு பையன். காசு கட்டாத யூடியூப். உச்சந்தலையில் முடி கொட்டின ஒரு மிராசுதாருக்கு, மிச்சமிருப்பதை எப்படிப் பரப்பிக் காட்டுவது என்று தம்பி நெஞ்சு வலிக்க யோசித்துக்கொண்டிருந்த நேரம், பாட்டு நடுவில் அறுந்து, “வழுக்கையா? கவலை வேண்டாம்!” என்று ஒரு பெண் குரல் கூரையிலிருந்து கூவியது. அவர் கவலைப்படாமல்தான் இருந்தார். அதற்கப்புறம் பட்டார்.

இதற்கு மேல் விஷப்பரீட்சை வேண்டாம், என் போனிலேயே பாட்டு இருக்கிறது, புளூடூத்தில் போடுகிறேன் என்று நான் சொன்னது என் வாழ்க்கையின் பெரிய தவறுகளில் நான்காவது. அன்றைக்குக் கடையில் ஏழு பேர். என் போன் அடித்தது. சம்சாரம். எடுத்துக் காதில் வைத்து ‘அலோ, அலோ’ என்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காது. அவள் பேசுவது போனில் வரவில்லை, நாலு மூலையிலும் வந்துகொண்டிருக்கிறது.

“காலைல எட்டு மணிக்குப் போன ஆளு, கொத்தமல்லித் தழை வாங்க எத்தனை நாளாகும்? அந்தச் சலூன்லயே குடியிருந்துக்கறது! தலைல இருக்கறதே நாலு முடி, அதுக்கு ஒன்றரை மாசமா…”

அவசரத்தில் எதையோ அமுக்கினேன். சத்தம் கூடிவிட்டது. இத்தனை நாள் நான் போட்ட எந்த இசைக்கும் கிடைக்காத அமைதி அன்று கிடைத்தது. கத்தரி நின்றது. தினத்தந்தி தாழ்ந்தது. காதில் விழாத பாட்டுக்காக நான் தவம் கிடந்த கடையில் ஒரு அட்சரம் பாக்கியில்லாமல் ஏழு பேர் காதிலும் விழுந்தது. முடிந்ததும் மூலையில் இருந்த ஒருவர், “அக்கா சொல்றதும் ஞாயந்தானுங்” என்றார்.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பையன் வேறு வந்து பயமுறுத்தினான். கடையில் ரெக்கார்டு பாட்டு போட்டால் அது பொது நிகழ்ச்சியாம். 1957-ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். கல்யாண வீட்டுக்கு விலக்கு உண்டாம். அதையும் 2023 ஜூலையில் மத்திய அரசு மறுபடி தெளிவுபடுத்தியிருக்கிறதாம். “கல்யாண வீட்டுக்கு விலக்கு” என்றதும் தம்பி நாற்காலிகளைப் பார்த்தார். முகூர்த்த மாசம். நடு நாற்காலியில் சந்தன ஃபேசியலோடு ஒரு மாப்பிள்ளை சாய்ந்திருந்தார். “இதுவும் கல்யாண வேலைதானுங்?” என்றார் தம்பி.

பையன் சிரித்துவிட்டுப் போனான். ஆனால் அதைக் கேட்டு மூலையில் ஸ்டூலில் இருந்த தம்பியின் அப்பா வாயைத் திறந்தார். ஒன்றரை மாசத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு முகம் வழித்து விடுகிற மங்கலன்தான் மங்கல வாழ்த்தும் பாடுவார். கம்பர் பாடிக் கொடுத்தது என்று இந்தப் பக்கம் வழிவழியாகச் சொல்வார்கள். அவர் ஒரு அடி சொல்லி நிறுத்துவார், கொட்டுக்காரர் ஒரு தட்டு தட்டுவார், மறுபடி அடுத்த அடி. கல்யாணத்தில் ஒவ்வொரு சீரும் எப்படி எப்படி நடக்கும் என்பது முழுக்க அந்தப் பாட்டில் வந்துவிடும். பெரியவர் அதைப் பாடிய கை, மன்னிக்கவும், பாடிய வாய். கத்தி பிடித்த கையும் அவருடையதுதான்.

“அந்தக் காலத்துல நாம் பாடினா மாப்ள, பொண்ணு, ஒறம்பரை அத்தனை பேருங் கேக்கோணும், கேட்டு நிக்கோணும். இவன் என்னடான்னா ஆருங் கேக்காத பாட்டு வேணும்ங்கறான். கேக்காத பாட்டுக்கு எதுக்குக் கரண்டு?”

எனக்கு ஏதோ படித்த ஞாபகம் வந்து, இங்கிலாந்தில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சலூன் சுவரில் சிட்டர்ன் என்று ஒரு கம்பி வாத்தியம் தொங்கும், காத்திருக்கிறவர்கள் எடுத்து வாசிப்பார்கள் என்று சொன்னேன். ரோமில் 1816-ல் ஒரு நாவிதரைக் கதாநாயகனாக்கி ரோசினி போட்ட ‘செவில் நகர் நாவிதர்’ என்கிற ஓபரா முதல் நாள் ராத்திரி ஒரே கூச்சல் குழப்பத்தில் முடிந்ததையும், மறுநாளே அது தூக்கி நிறுத்தப்பட்டதையும் சேர்த்துக்கொண்டேன். தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். அவர், “மறுநாளேங்களா? நமக்கு ஒன்றரை மாசம் ஆச்சுங்ளே” என்றார்.

பாட்டே வேண்டாம், தூத்துக்குடி பொன்.மாரியப்பன் மாதிரி சலூனில் நூலகம் வைத்துவிடேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். 2020 அக்டோபரில் பிரதமரே ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் அவரோடு பேசினார். தம்பி யோசித்தார். “பொஸ்தகம் படிச்சாத் தலை குனியுமுங்ணா. குனிஞ்ச தலைல பொடனி மட்டுந்தானுங் வெட்ட முடியும்.” தூத்துக்குடிக்காரர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று நேரில் போய்க் கேட்க வேண்டும்.

இப்படியிருக்க, அந்தச் சனிக்கிழமை வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. இன்வெர்ட்டரில் லைட்டும் டிரிம்மரும் ஓடும், ஏசி ஓடாது. பத்தரை மணிக்கு ஸ்பீக்கரும் கண்ணை மூடியது. பதினொரு மணிக்குத் தம்பி வேறு வழியில்லாமல் கண்ணாடிக் கதவைத் திறந்து, மூடாமலிருக்க அப்பாவின் ஸ்டூலை முட்டுக் கொடுத்தார். அப்பா வாசலில் நின்றார்.

எங்கள் ஊர் என்ன ஊர் என்று நான் முதலில் பாதியைத்தான் சொன்னேன். திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற ரோடும், கோயம்புத்தூரிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகக் கரூர், திருச்சி போகிற 81-ஆம் எண் ரோடும் இங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. நாலு திசைக்கும் பஸ். கொங்குநாட்டுப் பிரைவேட் பஸ்ஸில் எஞ்சினுக்கு ஆகிற செலவுக்குக் குறையாமல் ஸ்பீக்கருக்கும் செலவு செய்திருப்பார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். ஏசி வந்த நாளிலிருந்து இந்தக் கண்ணாடிக் கதவு அது அத்தனையையும் வெளியே நிறுத்தி வைத்திருந்திருக்கிறது.

தாராபுரம் வண்டி ஒன்று வந்து நின்றது. பல்லவி நடுவில் கடைக்குள் வந்து விழுந்தது. இளையராஜா, எண்பதுகளின் தொடக்கம். ஜனங்கள் ஏறி, இறங்கி, ஒரு அம்மா கோழிக்கூடையோடு கண்டக்டரிடம் சண்டை பிடித்து முடிப்பதற்கு நாற்பது விநாடி. விசில். வண்டியோடு பாட்டும் கொடுவாய்ப் பக்கம் தேய்ந்து போனது. சரணத்துக்கு முந்தின புல்லாங்குழல் பாதியில் நின்றுவிட்டது.

கடைக்குள் யாரும் எதுவும் பேசவில்லை. ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஓரத்து நாற்காலியில் வெட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் பையன், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து எட்டு மாசம் ஆகிறது, அந்தப் புல்லாங்குழலின் மிச்சத்தை வாய்க்குள்ளேயே முடித்து, சரணத்தின் மெட்டுக்குச் சரியாகப் போய் இறங்கினான். வார்த்தை ஒன்றும் தெரியாது. மெட்டு அணுவும் பிசகவில்லை. அவன் நாற்காலியில் இருந்தவர் அடுத்த வரிக்கு வார்த்தை கொடுத்தார். பெஞ்சில் ஒரு கால் தாளம் போட்டது. பெரியவர் வாசலிலிருந்து தன் பொறுப்பில் கதவுச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார்.

எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டுப் போட்டது டிரைவர், அவர் போய்விட்டார். யாரும் தூங்கவில்லை, தூங்கத் தொடங்குவதற்குள் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. லைசென்ஸ் கவலை கண்டக்டருக்கு. இரண்டு வண்டி ஒரே நேரத்தில் வந்து, ஒரு பக்கம் எஸ். ஜானகியும் இன்னொரு பக்கம் கானாவும் மோதிக்கொண்டபோது மட்டும் கொஞ்சம் சிரமமாயிருந்தது. அதற்கும் ஆள் ஆளுக்கு ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. தம்பி ரிமோட்டைக் கையில் எடுத்தார், கதவைப் பார்த்தார், ரிமோட்டை டிராயரில் வைத்தார்.

அதற்கப்புறம் இப்படித்தான். காலையிலும் பொழுதோடயும் கதவு திறந்திருக்கும், மதிய வெயிலுக்கு மட்டும் ஏசி. சுவர் ஸ்பீக்கர்மேல் இப்போது சீப்பு டப்பா. என் நூறு பாட்டும் தம்பி போனில் பத்திரமாக இருக்கிறதாம். கோயம்புத்தூர் பக்கம் இன்னொரு கடை போட்டால் எடுத்துக்கொள்வாராம். மாஸ்டர் பையன் வண்டி டைமைத் தமிழிலும் இந்தியிலும் மனப்பாடம் செய்துவிட்டான். அவனுக்குக் கடிகாரம் வேண்டாம், முன்னிசை போதும்.

போன புதன்கிழமை பொழுதோட நான் நாற்காலியில். ஆறு ஐம்பது வண்டி வந்தது. எனக்குக் கேசட் காலத்திலிருந்து உயிரான பாட்டு, எத்தனையோ பேருக்கு வரிசையில் முதலாவதாக எழுதிக் கொடுத்தது. அனுபல்லவிக்குள் நுழைகிற இடத்தில் விசில் அடித்துவிட்டான் கண்டக்டர். வண்டி போய்விட்டது. தம்பி என் இடது கிருதாவை முடித்துவிட்டு வலதுக்கு வந்தார்.

“தம்பி, அடுத்த வண்டி எப்ப?”

“ஏழு பத்துக்குங்ணா. ஆனா அதுல தேவாங்.”

“அதுக்கடுத்து?”

“ஏழே முக்காலுங். ராஜாதான். ஆனா அந்த டிரைவர் நேத்து லீவுங், இன்னிக்கு வர்றாரான்னு தெரியல.”

வலது கிருதாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, கழுத்துத் துணியோடு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் கொத்தமல்லித் தழை வாடிக்கொண்டிருந்தது.